அளவெடுக்க ஆள் இல்லாத துணி

எழுபத்தாறோ எழுபத்தேழோ, வருஷம் சரியாக நினைவில்லை. பொங்கல் முடிந்த வாரம். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே சவுக்குத் தோப்பை ஒட்டின சின்ன ஊர். அங்கேதான் என் மாமா வீடு. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமாவின் மனைவி, என் அத்தை. அவர்களுடைய பெரிய மகன், எனக்குப் பெரிய மச்சான். அவர் மனைவி. சின்ன மச்சான். வாசலில் மாட்டு வண்டியோடு ஒரு வண்டிக்காரர். அப்புறம் நான். மாமா இல்லை. ஆடியில் இறந்துபோனார்.

வீட்டைக் காலி செய்கிற நாள். கம்பெனிகள் கட்டுவதற்கு அந்தப் பக்கம் நிலம் எடுத்தார்கள். மாமா வீடும் அதில் போனது. ரயில்வே லைனுக்கு அந்தாண்டை மனை கொடுத்திருந்தார்கள். சாமான் ஏற்ற ஆள் வேண்டும் என்று சின்ன மச்சான் என் ரூமுக்கு வந்து கூப்பிட்டான். நான் அப்போது இரும்புக் கம்பி போடுகிற ஒரு கம்பெனியில் ஹெல்ப்பர். லைன் வீட்டில் ஒரு ரூம், ஒரு பாய், ஒரு ஸ்டவ். லீவு போட்டுவிட்டுப் போனேன். சாமான் தூக்கத்தான் போனேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே அம்மா செத்துப் போனாள். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு சூளூர்ப்பேட்டைப் பக்கம் போய்விட்டார். மாமா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தன் பிள்ளைகளோடு விட்டார். அவர் சவுக்கு வெட்டுகிற கூலிக்காரர். பேச்சு கிடையாது. கூப்பிடுவதற்குக் கூட வாயைத் திறக்க மாட்டார், கையைத் தட்டுவார். மூன்று பேரில் யாரைக் கூப்பிட்டார் என்று தெரியாமல் மூன்று பேரும் ஓடுவோம்.

அந்த வீட்டில் புதுத்துணி என்றால் தீபாவளிக்குத்தான். மாமா கடைத்தெருவுக்குப் போய் ஒரே துணியாக வெட்டி வாங்கி வருவார். மூன்று பையன்களுக்கும் அதிலேயே சட்டை. சேர்த்து எடுத்தால் வெட்டும்போது துணி வீணாகாது என்பது ஒரு கணக்கு. ஒருத்தனுக்கு நல்லது, ஒருத்தனுக்கு மட்டம் என்ற சண்டை வராது என்பது இன்னொரு கணக்கு. தையற்காரரிடம் அளவுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. ஆளுக்கு ஒரு பழைய சட்டையைக் கொடுப்போம். அதுதான் அளவுச் சட்டை. அதை வைத்து ஒரு விரல், இரண்டு விரல் கூட்டித் தைப்பார். தீபாவளி காலையில் மூன்று பேரும் ஒரே துணியில் தெருவில் இறங்கினால், பேண்டு செட்டு வருது என்று ஊரே கேலி செய்யும். மச்சான்கள் இரண்டு பேருக்கும் அது மானக்கேடாக இருக்கும். எனக்குப் பிடிக்கும். நான் வெளியில் சொன்னதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கிறபோது மழை பொய்த்தது. தோப்பில் வேலை இல்லை. பட்டணத்தில் ஓட்டலுக்குப் பையன் வேண்டும் என்று ஊர்க்காரர் ஒருவர் வந்தார். வீட்டில் பையன்கள் மூன்று பேர் இருந்தோம். நான் போனேன். யாரும் அடித்துத் துரத்தவில்லை. மாமா ஸ்டேஷன் வரை வந்து ரயில் ஏற்றிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே நின்றார். வண்டி நகரும்போது ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் சாப்பாட்டு ஓட்டல். பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற வேலை. என் பேரிலேயே அங்கே ஒரு சர்வர் இருந்தார். ஒரு பேருக்கு இரண்டு பேர் திரும்பினால் தொந்தரவு என்று முதலாளி முதல் நாளே எனக்கு வேறு பேர் வைத்துவிட்டார். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தீபாவளிக்கு யாராவது வந்து பார்ப்பார்கள் என்று நினைத்தேன். கும்மிடிப்பூண்டி ரயில் வருகிற நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்குச் சாம்பல் கையோடு எழுந்து வந்து பின்கட்டு வாசலில் நிற்பேன். அங்கிருந்து தெருவும் தெரியாது, கல்லாவும் தெரியாது. சாப்பிடுகிறவர்களின் முதுகுதான் தெரியும். யாரும் வரவில்லை. தீபாவளியன்று முதலாளி தன் வீட்டுப் பையனின் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தார். போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்குள்ளே ஒன்று முடிவாயிற்று. நான் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அதிகப்படி ஆள். அதனால்தான் அனுப்பினார்கள், அனுப்பினதோடு மறந்தும் போனார்கள். இதற்காக நான் அழவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. ஆனால் அது போகவில்லை. வளர்ந்த பிறகும் கூடவே இருந்தது.

அந்த ஓட்டலில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். பிறகு வேறு ஓட்டல், லாரி ஷெட், மரவாடி என்று பட்டணத்திலேயே சுற்றினேன். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வர ஆரம்பித்ததும் இந்தப் பக்கம் திரும்பினேன். வந்ததும் ஒரு நாள் மாமா வீட்டுக்குப் போனேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாப்டியா" என்று கேட்டார். ஏன் வந்து பார்க்கவில்லை என்று நான் கேட்கவில்லை. எங்கே போயிருந்தாய் என்று அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் போய் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வருவேன். அவர் செத்தபோது பாடை தூக்கினேன். கருமாதியில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தலையில் புதுத்துணி கட்டினார்கள். நான் பந்தலுக்கு வெளியே தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். முறை அப்படித்தான். தப்பு சொல்ல முடியாது.

இனி அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

கட்டில், உரல், நெல் பானை எல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. கடைசியாக மாமாவின் டிரங்குப் பெட்டி. அடித் தகடு துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. தூக்கினால் அடி கழன்று சாமான் எல்லாம் கொட்டும் போல இருந்தது. காலி செய்துவிட்டுத் தூக்கலாம் என்றார் பெரிய மச்சான். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். அத்தையின் கல்யாணப் புடவை. பித்தளைச் சொம்பு. ஒரு மஃப்ளர். தேய்ந்த கத்தி. அடியில் பழைய வேட்டித் துண்டில் சுற்றி ஒரு பொட்டலம் இருந்தது. பெரிய மச்சானின் மனைவி பிரித்தார்.

சட்டைத் துணி. வெள்ளையில் மெல்லிசாக நீலக் கோடு. அந்தக் காலத்துப் பாப்ளின். ஓரத்தில் மில் முத்திரை அழியாமல் இருந்தது. மடிப்பு விழுந்த இடம் மட்டும் பழுப்பேறியிருந்தது. தண்ணீரே படாத துணி. பாச்சை உருண்டை கரைந்து போய் அதன் வாசனை மட்டும் மிச்சம்.

சின்ன மச்சான் கையில் வாங்கிப் பார்த்தான்.

"அண்ணே, இது நம்ம பேண்டு செட்டுத் துணி. முள்ளுக் கம்பில மாட்டி முதுகுல கிழிச்சிக்கினேனே, அந்த வருசத்து சட்டை."

"நீ எந்த வருசம் கிழிக்கல" என்றார் பெரிய மச்சான்.

எனக்கு அந்தத் துணி தெரியவில்லை. மற்றதெல்லாம் தெரியும். பச்சைக் கட்டம் ஒரு வருஷம். காப்பிப் பொடி நிறம் ஒரு வருஷம். பூப்போட்டது ஒரு வருஷம், அதற்கு மூன்று பேரும் அழுதோம். நீலக் கோடு நான் போட்டதில்லை. அப்படியென்றால் இது நான் பட்டணம் போன வருஷத்துத் துணி. மச்சான்கள் இரண்டு பேருக்கும் தைத்தது போக மிச்சம் என்று யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. நான் சொம்பை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனேன்.

திரும்பி வரும்போது பெரிய மச்சானின் மனைவி துணியைத் தரையில் விரித்து முழம் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய ஆளுக்கு வராது, சின்னப் பையன் சட்டைக்குத்தான் ஆகும், தன் மூத்த பையனுக்குத் தைத்துவிடலாம் என்றார். அந்தக் காலத்துத் துணியைப் போட்டுக்கொண்டு இஸ்கூலுக்குப் போனால் வாத்தியாரே எழுந்து நிற்பார் என்று சின்ன மச்சான் கிண்டல் செய்தான். வெளியே வண்டிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, பெட்டிய ஏத்தறீங்களா, இல்ல அங்கயே துணிக்கட வெச்சிட்டீங்களா?"

பெரிய மச்சானுக்கு மட்டும் ஒரு சந்தேகம். தனக்கும் தம்பிக்கும் தைத்தது போக மிச்சம் என்றால் இவ்வளவு ஏன் மிஞ்சியது, நைனா அளவாகத்தானே எடுப்பார் என்று அத்தையைக் கேட்டார். அத்தை ஒரு மூலையில் உட்கார்ந்து அடுப்புக் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"அது மிச்சம் இல்ல. இவனுது."

 அத்தை கல்லைக் கீழே வைத்தார்.

"மூணு பேருக்கும் சேத்துதான் எடுத்தாந்தாரு. உங்க ரெண்டு பேருக்கும் தச்சாச்சி. இவன் சட்டைக்கு அளவு சட்டை குடுன்னான் தையக்காரன். எங்க போறது? இருந்தது ஒரு சட்டை, அதையும் போட்டுகினு போயிட்டான்."

அப்புறம் என்ன செய்தார் என்று சின்ன மச்சான் கேட்டான்.

"இன்னா செய்வாரு. துணியப் பையில போட்டுகினு பட்டணம் போனாரு. அங்கயே அளவு குடுத்துத் தச்சிக் குடுத்துட்டு வரேன்னு. தீவாளிக்கு ரெண்டு நாள் இருக்கு. ரயிலுக்குக் காசு ஏதுன்னு நான் சண்ட புடிச்சேன். கேக்கல."

என் கையில் கத்தி இருந்தது. அதைப் பெட்டி மேல் வைத்தேன். மாமா வந்தாரா என்று கேட்டேன். 

"வந்தாரு. சென்ட்ரலாண்ட, மாடிப்படிக்குக் கீழ கல்லா இருக்குமாமே, அந்த ஓட்டல். உன் பேரச் சொல்லிக் கேட்டாரு. இருக்கான்னு உள்ளருந்து கூட்டியாந்தாங்களாம். மீசை வெச்ச ஆளு ஒருத்தன் வந்து நின்னானாம். இவன் இல்லீங்க, சின்னப் பையன்னாராம். அந்தப் பேர்ல வேற ஆள் இல்லன்னுட்டாங்க. கொஞ்ச நேரம் அங்கயே நின்னுகினு இருந்தாராம். சாப்டறவங்களுக்கு வழி வுடுய்யான்னாங்களாம். வந்துட்டாரு."

அந்த ஓட்டலில் ஒரு மத்தியானம் நடந்தது எனக்கு நினைவு வந்தது. அதுவரை ஒரு தடவைகூட நினைத்ததில்லை. அந்தச் சர்வர் பின்கட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எவனோ பட்டிக்காட்டான் தன் பேரைச் சொல்லித் தேடி வந்தான், தன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு இந்த ஆள் இல்லை என்கிறான் என்றார். மாவாட்டுகிறவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கையில் குண்டான் இருந்தது. தேய்த்துக்கொண்டே சிரித்தேன். அவர் பேரும் என் பேரும் ஒன்று என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. அங்கிருந்து கல்லாவுக்கு இருபது அடி இருக்கும்.

"நான் அங்கதான் இருந்தேன்" என்றேன்.

அத்தை அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க?"

"உள்ள. பின்கட்டுல. எனக்கு வேற பேரு வெச்சிட்டாங்க."

அத்தை கரி படிந்த கையை முந்தானையில் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார். ஓடிப்போய்விட்டான், எங்கேயாவது நன்றாக இருப்பான் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாமா சொன்னாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம். துணியைச் சின்னவனுக்குத் தைத்துவிடலாம் என்று அத்தை சொன்னதையும் கேட்காமல் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

நான் திரும்பி வந்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்று பெரிய மச்சான் கேட்டார்.  

"இவன் வந்தப்ப மீசை மொளச்சி, உங்க நைனா ஒசரம் நிக்கறான். சின்னப் பையன் துணிய எடுத்து இன்னான்னு குடுக்கறது? இவனும் கேக்கல. அவரு எப்ப வாயத் தொறந்தாரு?"

பெரிய மச்சானின் மனைவி துணியை மடித்தார். பழைய மடிப்பிலேயே மடித்தார். "எடுத்துக்கினு போ தம்பி" என்று என் கையில் கொடுத்தார். பெரிய மச்சான் என் தோளைத் தட்டினார். நாங்கள் தொட்டுப் பேசிக்கொள்கிற ஆட்கள் இல்லை. அதனால் இரண்டு பேருக்குமே அது ஒரு மாதிரி இருந்தது. பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றினோம். வண்டி கிளம்பியது. சின்ன மச்சான் வண்டி மேல் உட்கார்ந்து உரலைப் பிடித்துக்கொண்டான். நான் பின்னால் நடந்தேன். அத்தை கொஞ்ச தூரம் என்னோடு நடந்து வந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகும் வரை நின்றோம். 

அன்றைக்குச் சாயங்காலம் ரூமுக்கு வந்து துணியை விரித்தேன். மார்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்குக் கூடப் போதாது. மாமா கடையில் நின்று, இவன் இவ்வளவு உயரம் இருப்பான் என்று கையால் காட்டி வெட்டச் சொல்லியிருப்பார். அந்த உயரம் இப்போது யாரிடமும் இல்லை. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என்னைத் தேடி ஒரு ஆள் வந்திருக்கிறார். அவருக்கு நான் கிடைக்கவில்லை. அவரை மறித்து, மாமா, நான் ஓடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் ஆள் இல்லை.  ஸ்டவ் பற்ற வைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடைத்தெருவில் ஒரு தையற்காரரிடம் கொண்டுபோனேன். உனக்குச் சட்டை வராதுப்பா என்றார். தெரியும் என்றேன். தலையணை உறை தைக்கச் சொன்னேன். நல்ல பாப்ளின், இதைப் போய் உறைக்கு வெட்டச் சொல்கிறாயே என்று வருத்தப்பட்டார். வெட்டினார். பல வருஷம் அது வந்தது. பழுப்பேறிய மடிப்பில்தான் முதலில் இற்றது. ஊசி நூல் வாங்கி நானே தைத்தேன். பிறகு தைக்கவும் இடம் இல்லாமல் போயிற்று.

இதற்குள் கம்பெனியில் என் வலது கை அடிபட்டது. பாரம் தூக்க முடியவில்லை. வாசல் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். ஆரம்பாக்கம் பக்கமிருந்தும், ஏரிக்கரை ஊர்களிலிருந்தும், ஆந்திராப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். மகனை, தம்பியை, மருமகனைப் பார்க்க வருவார்கள். வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லிக் கேட்பார்கள். கம்பெனியில் அவனுக்குப் பேர் வேறாக இருக்கும். சில பேருக்குப் பேர்கூட இருக்காது, டோக்கன் நம்பர்தான். அப்படி யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். எல்லா கேட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். வந்தவர் எதிர்த்துப் பேச மாட்டார். கொஞ்ச நேரம் நிற்பார். போய்விடுவார்.

நான் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பேன். ஆள் கறுப்பா சிவப்பா, முகத்தில் தழும்பு உண்டா, எந்த ஊர், எப்போது வேலைக்குச் சேர்ந்தான், நடை எப்படி என்று கேட்பேன். டீ நேரத்தில் ஒவ்வொரு ஷெட்டாகப் போய்ப் பார்ப்பேன். வேலையைப் பார்க்காமல் ஊர் வம்பு பார்க்கிறான் என்று சூப்பர்வைசர் திட்டியிருக்கிறார். சரி சார் என்பேன். மறுநாளும் போவேன். கேட்டில் வந்து நிற்கிறவரைப் பார்த்ததும் உள்ளே இருந்து வருகிற பையனின் முகம் ஒரு மாதிரி ஆகும். அதை நான் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன். ரிஜிஸ்டரைத் திருப்புகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

தேடி வந்த ஒருவருக்குத் தேடின ஆள் கிடைக்காமல் போனால் அது இரண்டு பேருடைய வாழ்நாளையும் பிடித்துக்கொள்ளும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வேறு எதற்கும் நான் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. இதற்கு வைத்திருந்தேன். வேலையை விட்டு நிற்கிற நாள் வரைக்கும், அப்படி உள்ளே போய்த் தேடிக் கூட்டி வந்து நிறுத்தினது முப்பத்தொரு பேர்.